வெரோனாவின் பரண்களில்: அமரோனே ஒயினும் அதன் ஆண்டும்

இத்தாலியின் வெரோனா வட்டாரத்துச் சிவப்பு ஒயினான அமரோனேயின் புட்டியில் 2016 என்று போட்டிருந்தால் அந்த ஒயின் 2016-இல் உருவானது என்று எண்ணிவிடக் கூடாது. 2016 செப்டம்பரிலும் அக்டோபரிலும் கொய்த திராட்சை மூன்று நான்கு மாதம் பரணில் கிடந்து காய்ந்து, 2017 ஜனவரி வாக்கில்தான் நசுக்கப்பட்டிருக்கும். ஆகவே மற்ற ஒயின்களுக்குக் கோடை எப்படி இருந்தது என்று கேட்டால் போதும். இதற்கு அந்தக் குளிர்காலத்தின் ஈரப்பதத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும். இந்த ஒயின் பிறக்கும் வல்போலிசெல்லாவுக்குப் போகிற பலர் நிலவறைப் பீப்பாய்களோடு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். பார்க்க வேண்டிய இடம் கீழே இல்லை, மாடியில் இருக்கிறது.

அதனால் போகும் மாதம் முக்கியம். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை பரண்கள் நிறைந்திருக்கும். செப்டம்பரில் அறுவடை, பேசக்கூட ஆள் கிடைக்காது. ஏப்ரலில் வெரோனாவில் வினித்தாலி ஒயின் சந்தை நடக்கும். அறை வாடகை எகிறும், பண்ணை முதலாளிகள் எல்லோரும் சந்தைக் கடையில்தான் நிற்பார்கள். ஜூன் முதல் செப்டம்பர் தொடக்கம் வரை பழைய ரோம அரங்கான அரேனாவில் ஓப்பரா, அப்போதும் நகரம் நெரியும். ஊர் அழகுக்குக் கோடை நல்லது, அமரோனேவுக்கு நவம்பர்தான்.

வெரோனாவிலிருந்து வடமேற்கே பரோனா வழியாகக் கிளம்பினால் 20 கிலோமீட்டருக்குள் எல்லாம் வந்துவிடும். வடக்கே லெஸ்ஸினி மலை. அதிலிருந்து விரல்கள்போலத் தெற்கே இறங்கும் பள்ளத்தாக்குகள். மேற்கே கார்தா ஏரி. தென்மேற்கை ஒட்டி அதிஜே ஆறு. நெக்ரார், மரானோ, ஃபுமானே, சான் பியெத்ரோ இன் கரியானோ, சாந்தம்ப்ரோஜோ என்ற ஐந்து ஊராட்சிகள்தான் பழைய வட்டாரம். புட்டியில் ‘கிளாசிக்கோ’ என்று போட இந்த ஐந்துக்கு மட்டுமே உரிமை. தரத்துக்கான சான்று என்று அதை எடுத்துக்கொள்ள வேண்டாம், முகவரி மட்டுமே. கிழக்கே இல்லாசி பள்ளத்தாக்கில் விளையும் அமரோனேவில் அந்தச் சொல் இருக்காது. ஆனால் உலகத்தின் விலையுயர்ந்த அமரோனேக்களில் ஒன்றான தல் ஃபோர்னோ பண்ணையின் ஒயின் அங்கிருந்துதான் வருகிறது.

பேருந்து போர்த்தா நுவோவா ரயில் நிலையத்துக்கு எதிரிலிருந்து கிளம்புகிறது. பெரிய ஊர்களுக்குப் போகும். பண்ணை வாசலுக்குப் போகாது, ஞாயிற்றுக்கிழமை மிகக் குறைவு. கார் எடுத்தால் ஒரு கணக்கு நினைவிருக்கட்டும். இத்தாலியில் ஓட்டுநர் இரத்தத்தில் அனுமதி லிட்டருக்கு 0.5 கிராம், உரிமம் வாங்கி மூன்று ஆண்டு ஆகாதவருக்குப் பூஜ்யம். ஒரு பண்ணையில் 50 மில்லி வீதம் நான்கு அமரோனே ஊற்றினால் 200 மில்லி. 15.5 விழுக்காடு என்றால் அதில் ஏறக்குறைய 24 கிராம் சாராயம். 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு அதுவே எல்லையைத் தொட்டுவிடும், அதுவும் முதல் பண்ணையிலேயே. மேசையில் வைத்திருக்கும் துப்புச் செம்பு அலங்காரத்துக்கு இல்லை. துப்பினால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். ஒரு நாளைக்கு இரண்டு பண்ணை போதும். முன்பதிவு இல்லாமல் போனால் பெரும்பாலும் கதவு திறக்காது, மதியம் 12.30-இலிருந்து 2.30 வரை கண்டிப்பாகத் திறக்காது. பதிவு செய்யும்போதே ‘ஃப்ருத்தாயோ’வைப் பார்க்க வேண்டும் என்று எழுதிவிடுங்கள். பரணுக்கு அங்கே அதுதான் பெயர். சொல்லாவிட்டால் நிலவறையோடு முடித்து அனுப்பிவிடுவார்கள்.

போகிற வழியில் தோட்டத்தைக் கவனியுங்கள். கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சைப் பந்தல் பார்த்தவர்களுக்கு இது அந்நியமாகத் தெரியாது. இங்கேயும் பந்தல்தான், ‘பெர்கோலா வெரோனீஸே’ என்கிறார்கள். ஒரு பக்கமோ இரு பக்கமோ கை நீட்டிய பந்தல், கீழே தொங்கும் குலைகள். பழைமைப் பற்று மட்டும் காரணம் இல்லை. இந்த ஒயினின் முதுகெலும்பான கொர்வினா கொடியில் அடிமொட்டுகள் சரியாகக் காய்ப்பதில்லை. கம்பை நீளமாக விட்டால்தான் குலை வரும். பந்தலுக்கு அது தோது. கோடை வெயிலில் இலை நிழல் பழத்தைக் காப்பாற்றும். குலைகள் தனித்தனியாகத் தொங்குவதால் காற்றும் புகும்.

கலவையின் விதி இது: கொர்வினா 45 முதல் 95 விழுக்காடு, அதில் ஒரு பகுதியைக் கொர்வினோனேவால் ஈடுகட்டலாம், ரொந்தினெல்லா 5 முதல் 30. மிச்சம் இருந்தால் வெரோனாவுக்கு அனுமதிக்கப்பட்ட வேறு சிவப்புத் திராட்சைகள். கொர்வினா தடித்த தோல், புளிப்புச் செர்ரி வாசம், நல்ல அமிலம். கொர்வினோனேவை நெடுநாள் கொர்வினாவின் பெரிய வடிவம் என்றே நினைத்திருந்தார்கள். வேறு இனம் என்று 1990-களில்தான் ஏற்றார்கள். ரொந்தினெல்லாவுக்குத் தனியாகச் சுவை பெரிதாக இல்லை, ஆனால் நோய் தாங்கும், காய்ந்தால் சர்க்கரை ஏறும். வீட்டில் சத்தமில்லாமல் வேலை பார்க்கும் மருமகள் மாதிரி. மொலினாரா நிறமே தராது என்பதால் கட்டாயப் பட்டியலிலிருந்து விழுந்துவிட்டது. ஒசெலேத்தா சிறு மணி, கருநிறம், கடும் துவர்ப்பு. கொஞ்சம் சேர்த்தாலே தெரியும்.

இனி பரண். நம் வற்றலோடு ஒப்பிடத் தோன்றும், ஆனால் இங்கே வெயிலே படக் கூடாது. வெயிலில் போட்டால் தோல் வெந்து ஜாம் வாசம் வந்துவிடும். வேண்டியது நிழல், குளிர், ஓடும் காற்று. பறிக்கும்போதே அடர்த்தியான குலை, உடைந்த மணி, மழையில் நனைந்தது எல்லாம் கழிந்துவிடும். பழைய முறையில் ‘ஆரெலே’ என்ற நாணல், மூங்கில் தட்டுகளில் பரப்புவார்கள். இப்போது பெரும்பாலும் ஐந்தாறு கிலோ பிடிக்கும் பிளாஸ்டிக் பெட்டி. எதுவானாலும் ஒரே அடுக்குதான். குலைமேல் குலை படக் கூடாது. மூங்கில் படத்துக்கு நன்றாக இருக்கும், பிளாஸ்டிக் கழுவ எளிது. பூஞ்சையோடு போராடுகிறவர்கள் எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஏறக்குறைய 100 நாள். எடையில் 35 முதல் 40 விழுக்காடு நீராகப் போய்விடும். ஆனால் நீர் வற்றுவது பாதிக் கதைதான். அமிலம் மாறும், கிளிசரால் ஏறும், பழத்துக்குள்ளேயே புது வாசங்கள் உருவாகும். சூடான காற்றை ஊதி இரண்டு வாரத்தில் அதே எடைக்குக் கொண்டுவந்தால் சர்க்கரை கூடும், அமரோனே கிடைக்காது. கெடுவது பெரும்பாலும் முதல் மூன்று வாரத்தில். அக்டோபரில் போ ஆற்றுச் சமவெளியின் மூடுபனி தெற்கிலிருந்து ஏறி வரும். வெதுவெதுப்பும் ஈரமும் சேர்ந்தால் சாம்பல் பூஞ்சை ஒரு மணியில் தொடங்கிப் பெட்டி முழுக்கப் பரவும். அது விடும் நொதி நிறத்தைப் பழுப்பாக்கிவிடும். அதனால்தான் அந்த நாட்களில் சன்னலை மூடி, விசிறியும் ஈரமுறிஞ்சியும் ஓட்டுகிறார்கள். காய்ந்த காற்று அடிக்கும் நாளில் எல்லாவற்றையும் திறந்துவிடுகிறார்கள். பரணில் நிற்கும்போது மூக்கை நம்புங்கள்: உலர்ந்த செர்ரியும் தேனும் கலந்த வாசம் வந்தால் சரி, காளான் அறை வாசமோ காடி நெடியோ வந்தால் அங்கே அந்த ஆண்டு சிரமம்தான்.

நூறு கிலோ பச்சைத் திராட்சைக்கு 40 லிட்டர் ஒயினுக்கு மேல் எடுக்க விதி அனுமதிப்பதில்லை. அப்படியானால் ஒரு 750 மில்லி புட்டிக்கு 1.9 கிலோ, சாதாரணச் சிவப்பு ஒயினுக்கு ஒரு கிலோ சொச்சம் போதும். விலையில் பாதி அங்கே இருக்கிறது. விளைந்ததில் 65 விழுக்காட்டுக்கு மேல் பரணேற்றவும் கூடாது. அண்மை ஆண்டுகளில் சந்தையைப் பார்த்து அதையும் குறைத்தே வைத்திருக்கிறார்கள்.

டிசம்பர் 1-க்கு முன் நசுக்கக் கூடாது. நசுக்கும்போது நிலவறையே உறையும் குளிரில் இருக்கும். ஈஸ்ட்டுக்கு எதிரில் தேன்போல் சர்க்கரை, பின்னால் ஏறிக்கொண்டே போகும் சாராயம். நொதித்தல் 30 முதல் 50 நாள் இழுக்கும். நடுவில் நின்றுபோனால் இனிப்பு தங்கும், காடிக் கிருமிக்கும் வாசல் திறந்துவிடும். வேண்டுமென்றே நடுவில் நிறுத்தினால் அதுதான் ரெச்சோத்தோ, இந்த மண்ணின் பழைய இனிப்பு ஒயின். 6-ஆம் நூற்றாண்டிலேயே ஆஸ்திரகோத் அரசவை அமைச்சர் கசியோதோரஸ், திராட்சையை வீட்டுக்குள் வைத்துக் காயவிட்டுக் குளிர்காலத்தில் பிழியும் வெரோனா ஒயினைப் பற்றி எழுதியிருக்கிறார். நிறுத்த மறந்து சர்க்கரை முழுக்கத் தின்னப்பட்ட ரெச்சோத்தோதான் அமரோனே. ‘அமரோ’ என்றால் கசப்பு. இனிப்பை எதிர்பார்த்தவர் நாக்கில் பட்ட கசப்பு. 1936-இல் நெக்ரார் கூட்டுறவு நிலவறையில் அப்படி ஒரு மறந்த பீப்பாயைச் சுவைத்துத்தான் பெயர் வந்தது என்கிறார்கள். கடைச் சரக்காகப் பெயர் எடுத்தது 1950-களில்தான். டி.ஓ.சி.ஜி. என்ற உச்சத் தகுதி 2010 அறுவடையிலிருந்து.

பிழிந்த சக்கையையும் விடுவதில்லை. சாதாரண வல்போலிசெல்லா ஒயினை அதன்மேல் ஊற்றி மறுபடி சில நாள் நொதிக்கவிட்டால் ரிபாசோ. அமரோனேவின் நிழல், விலை மூன்றில் ஒரு பங்கு. அன்றாடச் சாப்பாட்டுக்கு என் ஓட்டு ரிபாசோவுக்குத்தான்.

இப்போது ஆண்டுகள். 2002-உம் 2014-உம் மழை ஆண்டுகள். 2014-இல் கோடை என்று ஒன்று வரவேயில்லை. பரணேற்றத் தகுந்த குலை இல்லாமல் பல பண்ணைகள் அமரோனே போடாமலே விட்டன. போட்டவர்களில் கடுமையாகக் கழித்தவர்களின் ஒயின் மெலிந்தாலும் நேர்த்தியாக இருக்கிறது, மற்றவை தண்ணீர். 2003 நேரெதிர்: கொதித்த கோடை, சர்க்கரை ஏராளம், அமிலம் இல்லை. பரணுக்குப் போகும் முன்பே பாதி காய்ந்த பழத்தை மேலும் காயவைத்தால் அத்திப்பழ ஜாமும் தொண்டையில் சாராயச் சூடும்தான் மிஞ்சும். 2010, 2013 குளிர்ச்சியானவை; முதலில் முறைப்பாக இருந்து பிறகு திறந்துகொள்பவை. 2011, 2015 வெப்பமும் பருமனும். எடுத்தவுடன் குடிக்க இனிக்கும். 2016 மெதுவாகப் பழுத்த ஆண்டு; பகல் வெயிலும் இரவுக் குளிரும் சமன்பட்டு, பருமனும் அமிலமும் ஒன்றாக வந்தன. ஒரே ஒரு புட்டி வாங்கிப் பத்தாண்டு வைப்பதானால் அதைத்தான் தேடுவேன். 2017-இல் ஏப்ரல் உறைபனி, பிறகு வறட்சி. தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். 2018 விளைச்சல் மிகுந்தது, இலகுவானது. 2020 ஆகஸ்ட் 23-இல் வெரோனாவை அடித்த ஆலங்கட்டிப் புயல் சில சரிவுகளைத் துடைத்துவிட்டு அடுத்த சரிவைத் தொடாமலே போனது. அந்த ஆண்டுக்கு ஒட்டுமொத்த மதிப்பெண் போடுவதில் பொருளில்லை. தோட்டம் எந்தப் பள்ளத்தாக்கில் இருக்கிறது என்று கேளுங்கள்.

சுவைக்கும் வரிசை: சாதாரண வல்போலிசெல்லா, அதற்கு ஒரு படி மேலான சுபீரியோரே, ரிபாசோ, அமரோனே, கடைசியில் ரெச்சோத்தோ. மாற்றினால் முன்னது எதுவும் நாக்கில் தெரியாது. நகப்பூச்சு நெடி வருகிறதா பாருங்கள். துளி இருந்தால் இந்த ஒயினின் குணம், மூக்கை அறைந்தால் நொதித்தலில் நடந்த பிழை. பெரிய ஸ்லவோனிய ஓக் பீப்பாயில் இருந்ததா, 225 லிட்டர் பிரெஞ்சுச் சிறு பீப்பாயில் இருந்ததா என்றும் கேளுங்கள். முன்னதில் செர்ரியும் பாதாமும் தெளிவாக நிற்கும், பின்னதில் வனிலாவும் காப்பியும் மேலேறும். 1958 ஆண்டிலிருந்து அமரோனே போடும் பெர்த்தானி நிறுவனம் இன்றும் பெரிய பீப்பாயில் ஆண்டுக்கணக்காக வைக்கும் பழைய வழியில்தான் நிற்கிறது.

சாப்பாட்டுக்கு அமரோனேயில் வெந்த ரிசோத்தோ என்ற அரிசிச் சோறும் மோந்தே வெரோனீஸே பாலாடைக்கட்டியும். பட்டியலில் ‘பஸ்திஸ்ஸாதா’ என்று கண்டால் அது குதிரைக்கறி, தெரிந்தே கேளுங்கள். மாலையில் சான் ஜோர்ஜோ குன்றுக்கு ஏறினால் பழைய கல் கோவிலில் லங்கோபார்து மன்னன் லியூத்பிராந்து காலத்து, 712 என்று தேதியிட்ட பலிபீட மண்டபம் இருக்கிறது. வெளியே வந்தால் கார்தா ஏரி வரை தெரியும்.

வாங்கும்போது புட்டிக் கழுத்தில் எண்ணிட்ட அரசுப் பட்டை இருக்கிறதா பாருங்கள். சாதாரண அமரோனே அறுவடைக்கு அடுத்த ஜனவரி 1-இலிருந்து இரண்டு ஆண்டும், நெடுநாள் வைக்கும் ரிசெர்வா அறுவடை ஆண்டு நவம்பர் 1-இலிருந்து நான்கு ஆண்டும் கிடந்திருக்க வேண்டும். 20 யூரோவுக்குக் கீழே அமரோனே என்று கண்டால் மேலே சொன்ன 1.9 கிலோ கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவுக்குள் வரி இல்லாமல் ஒருவருக்கு இரண்டு லிட்டர்தான். இரண்டு புட்டி சரி, மூன்றாவது 250 மில்லி தாண்டிவிடும். ஊரில் மே மாத அலமாரியில் வைத்துப் பத்தாண்டு காக்கலாம் என்று நம்ப வேண்டாம். 15 டிகிரி அறை இல்லையென்றால் 2016-ஐ அங்கேயே விட்டுவிட்டு 2015 வாங்கி, வந்த குளிர்காலத்திலேயே, ஊற்றுவதற்கு ஒரு மணி நேரம் முன் கண்ணாடிக் குடுவையில் மாற்றி, 18 டிகிரிக்குக் குளிரவைத்துத் திறந்துவிடுங்கள்.