கீமோ ஓடும்போது சாப்பாடு: முதலில் எடை, பிறகுதான் மற்றதெல்லாம்

புற்றுநோய் வராமல் தடுக்கச் சொல்லும் உணவு வேறு. கீமோ ஏறும் நாட்களில் உள்ளே இறங்க வேண்டிய உணவு வேறு. எண்ணெயைக் குறை, நார்ச்சத்தைக் கூட்டு, உடம்பைக் குறை என்பதெல்லாம் முன்னதற்கான பாடம். சிகிச்சை தொடங்கியபின் எடை இறங்காமல் பார்த்துக்கொள்வதே முதல் வேலை. எடை மளமளவென்று இறங்கினால் மருந்தைக் குறைக்கவோ அடுத்த சைக்கிளை, அதாவது அடுத்த கீமோ சுற்றைத் தள்ளிப்போடவோ நேரும். வாரம் ஒருநாள், ஒரே மிஷினில், காலையில் வெறும் வயிற்றில் பார்த்துக் குறித்துவையுங்கள். 60 கிலோ ஆள் ஆறு மாதத்தில் 3 கிலோவுக்கு மேல், அதாவது 5 சதவீதத்துக்கு மேல் இறங்கினால் டயட்டீஷியனிடம் போய்விட வேண்டும். கால் வீங்கியிருந்தால் மிஷின் காட்டும் எடையை நம்பாதீர்கள், அது நீர்.

கணக்கு இதுதான்: ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 25 முதல் 30 கலோரி, 1.2 முதல் 1.5 கிராம் புரதம். 60 கிலோவுக்குப் புரதம் மட்டும் 72 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், 200 மி.லி. பாலில் 6 முதல் 7, சமைத்த கோழி 100 கிராமில் 25க்கு மேல். பசியே இல்லாதவரிடம் இன்னும் கொஞ்சம் சாப்பிடு என்று மல்லுக்கட்டிப் பயனில்லை. தட்டில் இருப்பதன் அளவைக் கூட்டாமல் அதற்குள் சத்தை ஏற்றுங்கள். அரை லிட்டர் பாலில் 4 மேசைக்கரண்டி பால் பவுடரைக் கரைத்து, சூப்புக்குத் தண்ணீருக்குப் பதில் அதை ஊற்றலாம். மேலே ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டால் 120 கலோரி கூடும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் இந்தப் புரதக் கணக்கை டாக்டரிடம் கேட்காமல் பின்பற்றக் கூடாது.

மூன்று வார சைக்கிளில் எல்லா நாளும் ஒன்றல்ல. வாந்தியைத் தடுக்க ஸ்டீராய்டு கொடுத்தால் முதல் இரண்டு மூன்று நாள் பசி இருக்கும். அதை நிறுத்தியதும் படுத்துவிடும். பெரும்பாலும் அடுத்த கீமோவுக்கு முந்தைய வாரம்தான் நன்றாகச் சாப்பிட முடியும் காலம். இழந்த எடையை அப்போதே மீட்க வேண்டும். கீமோ ஏறும் நாளில் மிகப் பிடித்த பலகாரத்தைக் கொடுத்துவிடாதீர்கள். குமட்டலோடு அந்தச் சுவை மனத்தில் ஒட்டிக்கொண்டு, பிறகு அதைக் கண்டாலே வெறுப்பு வரும்.

வாசனையே குமட்டினால் ஆறிய உணவு நல்லது, சூடு தணிந்தால் மணமும் தணியும். வாயில் இரும்புச் சுவை அடித்தால் உலோகக் கரண்டியை விட்டு மரக்கரண்டிக்கு மாறுங்கள். ஆனால் குளிர்ந்ததைக் கொடு என்ற யோசனை ஆக்ஸாலிப்ளாட்டின் என்ற கீமோ மருந்து ஏறுபவருக்குப் பொருந்தாது. ஐஸ் தண்ணீர் பட்டாலே தொண்டை இறுகுவதுபோல் ஆகிவிடும். மருந்து ஏறிய பல நாட்கள் வரை எதுவும் வெதுவெதுப்பாகத்தான். வாய்ப்புண்ணுக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் உப்பு ஒரு தேக்கரண்டி, சமையல் சோடா ஒரு தேக்கரண்டி கலந்து, சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் கொப்பளித்துத் துப்ப வேண்டும்.

பல மருந்துகளில் 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாள்வரை கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள் அடிமட்டத்தில் இருக்கும். அரைவேக்காட்டு முட்டை, காய்ச்சாத பால், முளைகட்டிய பயறு வேண்டாம். சமைத்ததை 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்து, ஆவி பறக்கச் சூடாக்கிக் கொடுங்கள்.

எல்லாவற்றையும்விட அதிகம் கெடுப்பது அக்கறையோடு சொல்லப்படும் அறிவுரைதான். சர்க்கரை புற்றுநோயை வளர்க்கும் என்று பழத்தையும் சோற்றையும் நிறுத்திவிடுவார்கள். குளுக்கோஸ் எல்லாச் செல்லுக்கும் உணவு. பட்டினி போட்டால் தசையும் கரையும். நீரிழிவு இருந்தால் மட்டும் தனிக் கணக்கு. கிரீன் டீ சத்து, போர்டெசோமிப் என்ற புற்றுநோய் மருந்தைச் செயலிழக்கச் செய்யக்கூடியது. புகைப்பவர்களுக்குப் பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வுகளில் நுரையீரல் புற்று கூடத்தான் செய்தது. எந்த மாத்திரையையும் பொடியையும் டாக்டரிடம் காட்டிவிட்டே தொடங்குங்கள்.

சிகிச்சை முடிந்து எடை நிலைத்தபின் தடுப்புப் பாடம் திரும்பும். பதப்படுத்திய இறைச்சி தினம் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்று அபாயம் 18 சதவீதம் கூடுகிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவு 2015இல் சொன்ன கணக்கு. முழுத்தானியம், காய், பயறு எல்லாம் இப்போது கூடட்டும். ஆனால் குடலில் அறுவையோ கதிர்வீச்சோ நடந்திருந்தால் நார்ச்சத்தை ஒரே நாளில் ஏற்றாதீர்கள். சில நாளுக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி வீதம் கூட்டி, வயிறு உப்பினால் ஒரு படி பின்வாங்குங்கள்.