கென்டக்கி ஏரி நாட்குறிப்பு: வெள்ளிக்கெண்டையும் பாஸ் மீனும்

ஏப்ரல் 12

அமெரிக்காவில் டென்னசி ஆற்றை அணைகட்டித் தேக்கிய கென்டக்கி ஏரி இது. வெளியிலிருந்து வந்து பெருகிய வெள்ளிக்கெண்டையால்தான் பாஸ் மீன் குறைகிறது என்பது இங்கே பேச்சு. இன்று கரையோரத் தண்ணீர் 16 டிகிரி செல்சியஸ். தூண்டில்காரர்கள் தேடி வரும் லார்ஜ்மவுத் பாஸ் என்ற இரைதின்னி மீன் கூடு போடும் சூடு இது. அணையை நடத்தும் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் ஏரியை 354 அடி குளிர்கால மட்டத்திலிருந்து 359 அடிக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறது. இந்த ஐந்தடியில்தான் கரைப் புதர்கள் முழுகிக் குஞ்சுகளுக்கு ஒளிவிடம் கிடைக்கும். இடையில் மட்டம் இறங்கினால் கூடு கரையேறிவிடும், முட்டை போச்சு. அதனால் பாஸ் குறைந்த வருடத்துக்கெல்லாம் கெண்டையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. முதலில் அந்த வசந்தத்தின் நீர்மட்டப் பதிவைப் பார்க்க வேண்டும். நீருக்கடிச் செடிகள் எவ்வளவு மிஞ்சியிருந்தது என்றும் பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 26

"கெண்டை பாஸைத் தின்கிறதா?" என்று படகுத்துறையில் இன்றும் கேட்டார்கள். தின்பதில்லை. வெள்ளிக்கெண்டைக்குப் பல்லெல்லாம் தொண்டைக்குள்தான். தண்ணீரை வாயால் இழுத்து, பஞ்சு போன்ற செவுள் வடிகட்டியில் மிதவை உயிரிகளைத் தேக்கி விழுங்கும். சண்டை அங்கேதான். முட்டையிலிருந்து வந்த பாஸ் குஞ்சுக்கும் முதல் சில வாரம் அதே மிதவை உயிரிகள்தான் சாப்பாடு. வளர்ந்த பாஸின் இரையான ஷாட் என்ற சிறு வெள்ளிநிற மீனுக்கும் அதேதான். ஆக, ஒரே பந்தியில் உட்கார்ந்து எல்லார் இலையையும் வழித்துவிடுகிறது கெண்டை. இல்லினாய் ஆற்றில் இது பெருகிய பிறகு ஷாடில் ஒரு வகையான கிஸர்ட் ஷாடும், அதேபோல் மிதவை உயிரிகளைத் தின்னும் பெருவாய் எருமைமீனும் மெலிந்துபோனதை ஆய்வாளர்கள் அளந்து பதிவு செய்திருக்கிறார்கள்.

நம் ஊரில் மீன் வளர்ப்பவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. 1959-இல் இந்தியாவுக்கு வந்த மீன்தான் வெள்ளிக்கெண்டை. 1971-இல் இமாச்சலத்தின் கோவிந்த் சாகர் நீர்த்தேக்கத்துக்குள் தப்பிப் போய், நாளடைவில் கட்லாவை ஓரங்கட்டிவிட்டது.

மே 10

மழைக்குப் பின் ஆற்றில் வரத்து கூடியிருக்கிறது. கெண்டைக்கு முட்டையிடத் தோதான நேரம்: 18 டிகிரிக்கு மேல் சூடு, ஏறிவரும் வெள்ளம். ஆனால் முட்டை பொரியும்வரை ஓட்டத்தில் மிதந்துகொண்டே போக வேண்டும். ஓட்டம் நின்றால் அடியில் படிந்து சேற்றில் மூச்சுமுட்டிச் சாகும். தேங்கிய ஏரியில் அது அரிதாகத்தான் கைகூடுகிறது. 2015-இல் கைகூடியது, அந்த வருடக் குஞ்சுகள் ஏரியில் ஏராளம்.

மற்ற வருடங்களில் பெரும்பாலானவை கீழேயிருந்து ஏறி வந்தவை. மிசிசிப்பி ஆறு, ஓஹையோ ஆறு, பிறகு அணையின் கப்பல் லாக், அதாவது படகுகளை அணைக்கு மேலும் கீழும் ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டி. கென்டக்கி அணையின் பழைய லாக் 600 அடி நீளம்தான். பதினைந்து சரக்குத் தெப்பம் கட்டிய இழுவைப்படகு ஒரே தடவையில் உள்ளே போகாது, இரண்டாகப் பிரித்து ஏற்ற வேண்டும். கதவு கூடுதலாகத் திறக்கத் திறக்கக் கெண்டைக்கும் வழி கூடுகிறது.

மே 24

பக்கத்து பார்க்லி ஏரி லாக்கின் கீழ்வாயில் கெண்டையைத் தடுக்க 2019 நவம்பரில் ஓடத் தொடங்கிய ஒலிக்குமிழ் வேலி பற்றி. ஆற்றடியில் குறுக்குச் சாய்வாகக் குழாய். அழுத்தக் காற்று குமிழ்ச் சுவராக எழும். அந்தச் சுவருக்குள் ஒலி அடைபடும். மின்னும் விளக்கு அதைக் காட்டும். கெண்டை இனத்துக்குக் காற்றுப்பையையும் உட்செவியையும் இணைக்கும் சிற்றெலும்புகள் உண்டு. அதனால் பாஸுக்கு எட்டாத உயர்ந்த ஒலியும் அதற்குக் கேட்கும், விலகிப் போகும். குமிழ்ச் சுவரில் ஓட்டை விழுந்தால் ஒலியும் கசியும். இழுவைப்படகின் விசிறி கிளப்பும் சுழலும், குழாய்மேல் படியும் சேறும்தான் இதற்குப் பெரிய தொல்லை. ஆகவே இது வரத்தைக் குறைக்கும் வேலி. அடைத்த கதவாக நினைக்கக் கூடாது. இருந்தாலும் இந்த இரு ஏரிக்கும் இடையே கால்வாய் இருப்பதால் ஒன்றில் மட்டும் வேலி வைத்துப் பயனில்லை. கென்டக்கி லாக்கிலும் வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம்.

ஜூன் 14

படகோட்டிகளுக்கு மட்டும்: இன்ஜின் சத்தத்துக்கு வெள்ளிக்கெண்டை பத்தடி உயரம்வரை எகிறும். அதனோடு வந்த இன்னொரு இனமான பெருந்தலைக் கெண்டை அப்படிக் குதிப்பதில்லை. குடாக்களுக்குள் வேகம் வேண்டாம். பிள்ளைகளைத் தாழ்வாக உட்கார வையுங்கள். ஓட்டுபவர் விழுந்தால் இன்ஜினை அணைக்கும் நிறுத்தக் கயிறு உடம்பில் மாட்டியே இருக்கட்டும்; 26 அடிக்குக் குறைந்த படகுகளுக்கு 2021 ஏப்ரல் முதல் அது சட்டமும்கூட. ஐந்தாறு கிலோ மீன் ஓட்டுபவர் முகத்தில் மோதி அவர் தண்ணீரில் விழுந்தால், கயிறு இல்லாத படகு நிற்காமல் ஓடும்.

ஜூன் 28

கோடையில் பாஸ் பழைய ஆற்றுப் படுகையின் விளிம்பில், 10 முதல் 20 அடி ஆழத்தில் சேரும். இந்த ஏரி பேர் வாங்கியதே அந்த விளிம்புகளால்தான். இப்போது அதே இடங்களில் சோனாரை (ஒலியால் மீனைத் திரையில் காட்டும் கருவி) போட்டால் நடுத்தண்ணீரில் தொங்கும் கெண்டைக் கூட்டம் திரையை அடைத்துக்கொள்கிறது. வித்தியாசம் தெரிந்துகொள்ள: படகு மேலே போகும்போது கெண்டை மேகம் கலைந்து விலகும், பாஸ் அடித்தரையை ஒட்டி, விளிம்பின் ஒரே முனையில் நிற்கும். கெண்டை செயற்கை இரையைக் கடிக்காது. கொக்கி உடம்பில் மாட்டினால் உண்டு. அதனால் திரையில் மீன் இருந்தும் கடி இல்லையென்றால் இடத்தை மாற்றுங்கள்.

அணை எத்தனை மணிக்குத் தண்ணீர் விடுகிறது என்ற அட்டவணையைப் பார்த்து, ஓட்டம் தொடங்கும் நேரத்தில் போங்கள். ஓட்டத்தில் பாஸ் வரிசை கட்டி இரைக்குக் காத்திருக்கும். ஷாட் குஞ்சு சிறிதாக இருக்கும் இந்த மாதத்தில் 5 முதல் 7 செ.மீ. ரப்பர் மீனே போதும்.

ஜூலை 19

பிடித்த கெண்டையைச் சமைக்க: உயிரோடு இருக்கும்போதே செவுளை வெட்டி இரத்தத்தை வடியவிட்டு உடனே பனிக்கட்டியில் போட வேண்டும், தாமதித்தால் சதை நாறும். தோலுரித்து, சிவந்த சதையைக் கழித்துவிடுங்கள். Y வடிவ இரட்டைக் கிளை முள் நிறைய இருக்கும். துண்டின் குறுக்கே 3 மி.மீ. இடைவெளியில் ஆழக் கீறி 180 டிகிரி எண்ணெயில் பொரித்தால் கீறிய முள் மொறுமொறுவென்று போய்விடும். கட்லா தலைக் குழம்பு தெரிந்தவர்கள் பெருந்தலைக் கெண்டையின் தலையை விடாதீர்கள்.

அக்டோபர் 18

தூண்டில் இரைக்காக ஷாடுக்கு வீச்சு வலை போடும் காலம். கெண்டை அடுத்த குளத்துக்குப் போக இரைவாளி ஒன்றே போதும், எனவே வாளியில் இருப்பது என்னவென்று கையில் எடுத்துப் பாருங்கள். ஷாட் மீனின் வயிற்றுவிளிம்பு ரம்பம்போல் உரசும். கிஸர்ட் ஷாடுக்கு முதுகுத் துடுப்பின் கடைசி இழை நூலாக நீளும். கெண்டைக்குஞ்சின் கண் வாய்க்கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்கும், செதில் பொடிப்பொடியாக இருக்கும். தொண்டையிலிருந்து குதம்வரை கத்திபோன்ற மேடு ஓடினால் வெள்ளிக்கெண்டை. வயிற்றுத் துடுப்புக்குப் பிறகுதான் மேடு தொடங்கினால் பெருந்தலை. அணைக்குக் கீழே பிடித்த ஷாடை உயிரோடு வேறு நீர்நிலைக்குக் கொண்டுபோகாதீர்கள். வாளித் தண்ணீரைக் கரைமண்ணில் கொட்டுங்கள். சந்தேகக் குஞ்சைத் திருப்பி ஏரியில் விடாமல் பையில் போட்டு, இடமும் தேதியும் எழுதி உறையவைத்து, மாநில மீன்வளத் துறையிடம் கொடுங்கள்.