மா என்று ஒரே ஒரு எழுத்து

போன வாரம் மதுரையில் எங்கள் தெரு முனையில் உள்ள மாவு மில்லில் கோதுமையைக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஓர் அக்கா, இலங்கையிலிருந்து வந்து ஆனையூரில் இருப்பவர், இடியப்பத்துக்கு அரிசி கொடுத்திருந்தார். "தம்பி, என்ர மா அரைச்சாச்சோ?" என்று கேட்டார். மெஷின் சத்தம் வேறு. மில் பையன் காதில் கையை வைத்துக்கொண்டு "என்னக்கா, மாங்காயா?" என்றான். அவர் தன் தூக்குவாளியைத் தொட்டுக் காட்டி, "மாவு, மாவு" என்று நம் பேச்சுக்கு மாறிக்கொண்டார்.

எனக்கு அது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. அவர் சொன்னது தப்பே இல்லையே. இலங்கையில் இன்றைக்கும் அரிசி மா, கோதுமை மா என்றுதான் சொல்கிறார்கள், நம் அகராதியிலும் அந்தப் பொருளில் மா அப்படியே இருக்கிறது, நாம்தான் பேச்சில் கடைசியில் ஒரு 'வு' வைத்துக்கொண்டோம்.

வீட்டுக்கு வந்தும் அந்த ஓர் எழுத்து மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. தமிழில் ஓரெழுத்துச் சொற்கள் 42 என்று நன்னூல் கணக்குச் சொல்கிறது, அதில் மகர வரிசைக்கு மட்டும் ஆறு: மா, மீ, மூ, மே, மை, மோ. இந்த ஆறில் மா சுமக்கிற பாரத்தைப் பாருங்கள். மாமரம், மாவு, விலங்கு, குதிரை, பெரியது, கருமை, திருமகள், அப்புறம் இருபதில் ஒரு பங்கு. கடைசியாகச் சொன்ன பின்னம் எனக்கு ரொம்பப் பிடித்தது. மா என்றால் 1/20, காணி என்றால் 1/80. இரண்டையும் கூட்டினால் 5/80, அதாவது 1/16. அதனால்தான் மாகாணி என்பது வீசத்துக்கு, அதாவது பதினாறில் ஒரு பங்குக்கு, சமம். பள்ளியில் பின்னம் கூட்டத் திணறிய நாட்களில் இதை யாராவது சொல்லிக் கொடுத்திருக்கலாம். தஞ்சாவூர்ப் பக்கம் நிலத்தையே மா கணக்கில் சொல்வார்கள், மூன்று மா ஓர் ஏக்கர்.

இத்தனை பொருளும் ஒரே வேரா என்றால், இல்லை, எல்லாம் ஒன்று என்று நான் நம்பவில்லை. சொற்கள் சேருகிற விதமே வேறாக இருக்கிறது. மரமாக இருக்கும் மா அடுத்த சொல்லோடு சேரும்போது நடுவில் ஒரு மெல்லெழுத்தைக் கூட்டி வரும்: மாங்காய், மாம்பழம், மாந்தோப்பு. பெரியது என்ற மா அப்படிச் செய்யாது: மாகடல், மாபெரும், மாதவம். மாங்கடல் என்று யாரும் சொல்லிக் கேட்டதுண்டா? எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட இதில் தவறமாட்டாள். காதுக்கு ஒரே ஒலி, நாக்குக்கு மட்டும் இது வேறு அது வேறு என்று தெரிந்திருக்கிறது.

நம் ஊரிலேயே வேறு மாக்களும் உலவுகின்றன. காஜிமார் தெருவில் நண்பர் வீட்டுக்குப் போயிருந்தபோது, பிறந்து பத்து நாளான பேத்தியைத் துணியோடு தூக்கி வந்து காட்டினார்கள், பார்த்தவர்கள் எல்லாரும் மாஷா அல்லாஹ் என்றார்கள். அதில் வரும் மா அரபி, 'எது' என்ற பொருள். இறைவன் நாடியது எதுவோ அது. அங்கிருந்து நடந்துபோகிற தூரத்தில் கூடலழகர் கோயில். வைணவர்கள் உயிராக மதிக்கும் கீதையின் சரம சுலோகம், என்னிடம் சரணடை என்று கண்ணன் சொல்லும் செய்யுள், "மா சுச:" என்று முடிகிறது. அந்த மா சமஸ்கிருதம், 'வேண்டாம்' என்ற பொருள். வருந்தாதே என்று ஆறுதல் சொல்கிறது. இதே வேர்தான் பழைய கிரேக்கத்தில் 'மே' என்று நிற்கிறது. அரபியிலும் மா என்பதற்கு 'இல்லை' என்று ஒரு பொருள் உண்டு, ஆனால் அது இந்தக் குடும்பமே இல்லை. ஒலியும் பொருளும் சேர்ந்து ஒத்துப்போனால்கூட உறவு என்று சொல்லிவிட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், சீனத்தில் மா என்றால் குதிரை, தமிழிலும் குதிரை, ஆகவே சீனம் தமிழிலிருந்து வந்தது என்று வாட்ஸ்அப்பில் வருகிறது, படித்தவர்களே அனுப்புகிறார்கள். சீனத்தில் அதே மாவைத் தொனி மாற்றிச் சொன்னால் அம்மா, சணல், திட்டுவது என்று பொருள் மாறிக்கொண்டே போகும். நம் மாவோ முதலில் விலங்குக்குப் பொதுப்பெயர். "மாவும் மாக்களும் ஐயறி வினவே" என்கிறது தொல்காப்பியம். குதிரை அதில் ஒன்று, அவ்வளவுதான். அம்மா என்ற சொல் பல மொழிகளில் ஒத்துப்போவதற்கும் காரணம் குழந்தையின் வாய்தான், உதடு மூடித் திறந்தால் முதலில் வருவது ம. இதை ரோமன் யாக்கப்சன் என்ற மொழியியலாளர் விரிவாகவே எழுதியிருக்கிறார். ஆனால் ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் அப்பா, அம்மாவுக்கு 'தேதா'! நம் ஊர்த் தாய்மாமன்கள் இதைக் கேட்டால் என்ன சொல்வார்களோ.

தமிழுக்குப் பெருமை வேண்டும் என்றால் வழித்தடம் தெரிந்த ஒன்று இருக்கிறதே, அதைச் சொல்லலாம். 1498-ல் கோழிக்கோட்டுப் பக்கம் வந்து இறங்கிய போர்த்துக்கீசியர், மலையாளத்திலும் தமிழிலும் வழங்கிய மாங்காய் என்ற சொல்லை 'மாங்கா' என்று எடுத்துப்போனார்கள், அதுதான் ஆங்கிலத்தில் மேங்கோ ஆனது. இந்தியின் 'ஆம்' இதில் சேராது, அது சமஸ்கிருத ஆம்ரத்திலிருந்து வந்தது.

இதில் ஒன்றை இத்தனை வருஷம் நான் கவனிக்கவே இல்லை. நமக்குக் காய் வேறு, பழம் வேறு. நத்தம் தோப்பிலிருந்து வந்த கல்லாமை ரகத்தை உப்பு மிளகாய்ப்பொடி தொட்டுக் கடித்தால் அது மாங்காய். அதே தோப்பிலிருந்து வந்த காசா லட்டு ரகம் பழுத்து, காம்பில் பால் காய்ந்து, வீடெல்லாம் மணத்தால் அது மாம்பழம், அதைப் போய் மாங்காய் என்று சொன்னால் அம்மா சண்டைக்கு வருவாள். ஆனால் கடல் கடந்து போனது காயின் பெயர். லண்டனிலும் லிஸ்பனிலும் எவ்வளவு கனிந்த பழத்தைக் கையில் வைத்திருந்தாலும், அவர்கள் வாயில் வருவது மாங்காய்தான்.