பச்சை உடம்புக் குறிப்பேடு: சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

12 ஜூன் 2023, திங்கள்

பிரசவத்தில் வெளிவரும் நஞ்சுக்கொடியை (சுருக்கமாக 'நஞ்சு') உலர்த்திப் பொடித்து, பெற்றவள் விழுங்கக் காப்ஸ்யூலில் அடைத்துத் தருவது டர்பனிலும் பரவி வருகிறது. 'பாட்டி காலத்து வைத்தியம்' என்று சொல்லி விற்பவர்களை நம்பாதீர்கள். நம் பாட்டிமார் அதை மண்ணில்தான் புதைத்தார்கள். ஜூலு வீடுகளிலும் புதைப்பதே வழக்கம். 2010-இல் வெளியான ஒரு மானிடவியல் ஆய்வு 179 சமூகங்களின் வழக்கங்களைத் துருவியது. பெற்றவளே நஞ்சைத் தின்பது நிலைத்த வழக்கமாக இருந்ததற்கு அதில் தெளிவான சான்று கிடைக்கவில்லை. சீன மருந்தில் உலர்ந்த நஞ்சு உண்டு, ஆனால் அது வேறு நோய்களுக்கு.

அப்படியும் வேண்டும் என்பவர்கள் மருத்துவமனையில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பிரசவ அறையில் கேட்டால் தாமதம்தான். அதற்குள் கழிவு வாளிக்குப் போயிருக்கும். பரிசோதனைக்கென்று ஃபார்மலின் என்ற ரசாயனத்தில் போட்ட நஞ்சு சாப்பிட உதவவே உதவாது.

14 ஜூன், புதன்

யாருக்கு வேண்டவே வேண்டாம்: பிரசவ வலியின்போது காய்ச்சல் கண்டவர்கள், பனிக்குட நீர் நாற்றம் அடித்தவர்கள், குழந்தை உள்ளேயே மலம் கழித்து நீர் கெட்டியாகப் பச்சையாக வந்தவர்கள், குரூப் பி ஸ்ட்ரெப் கிருமி இருப்பதாகத் தெரிந்தவர்கள், புகைபிடிப்பவர்கள். எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் உள்ளவர்களின் நஞ்சை வீட்டுச் சமையலறைக்குள் கொண்டுவரக் கூடாது. சோதனை முடிவு தெரியாதவர்களின் நஞ்சையும் தொற்று உள்ளதாகவே எண்ணிக் கையாள வேண்டும்.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 2016-இல் நடந்ததை ஒரு முறையாவது படித்துவிட்டு முடிவெடுங்கள். பிறந்த குழந்தைக்கு ரத்தத்தில் குரூப் பி ஸ்ட்ரெப். மருந்து கொடுத்துக் குணமாகி வீட்டுக்குப் போன குழந்தைக்குத் திரும்பவும் அதே தொற்று. தாய் விழுங்கிக்கொண்டிருந்த காப்ஸ்யூலைச் சோதித்தபோது அதிலும் அதே கிருமி. காப்ஸ்யூல் வேண்டாம் என்றே அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2017-இல் சொன்னது.

17 ஜூன், சனி

அப்படியும் வேண்டுமென்பவர்களுக்குச் செய்முறை. நிறைமாத நஞ்சு சுமார் அரைக் கிலோ இருக்கும். இரட்டை ஜிப் பையில் போட்டு, ஐஸ் நிறைந்த கூலர் பெட்டியில் வீட்டுக்கு வர வேண்டும். ஃபிரிட்ஜில் 4 டிகிரிக்குக் கீழே, தனித் தட்டில், எல்லாவற்றுக்கும் அடியில் வையுங்கள். இரண்டு நாளுக்குள் வேலையைத் தொடங்க முடியாதென்றால் உடனே உறைய வைத்துவிட வேண்டும்.

கையுறை போட்டு, குளிர்ந்த நீரில் ரத்தக் கட்டிகள் போகக் கழுவி, சவ்வையும் தொப்புள்கொடியையும் வெட்டி எடுத்துவிடுங்கள். பிறகு இட்லிச் சட்டியில் ஆவி. அந்தச் சட்டியில் அப்புறம் இட்லி அவிக்கக் கூடாது என்பதைச் சொல்லவேண்டிய நிலைமையும் இருக்கிறது. ஒரு பக்கத்துக்கு 15, 20 நிமிடம். குத்தினால் சிவப்பு நீர் கசியக் கூடாது. நிறத்தை மட்டும் நம்பாமல், மிகத் தடித்த இடத்தில் குத்து வெப்பமானியைச் செருகி 71 டிகிரிக்கு மேல் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். ஆவியில் வைக்காமல் 46 டிகிரியில் 'பச்சையாக' உலர்த்தும் முறையை நாங்கள் ஏற்பதில்லை. சால்மொனெல்லாவை அடக்க 54 டிகிரியிலேயே இரண்டு மணி நேரம் ஆகும். 46 டிகிரி கிருமி வளர்க்கும் சூடு.

வெந்ததை வேறு பலகையில், வேறு கத்தியால் 3 முதல் 5 மில்லிமீட்டர் கனத்தில் நறுக்குங்கள். பச்சையை வெட்டிய பலகையிலேயே நறுக்கினால் அவித்ததெல்லாம் வீண். உலர்த்தியில் 71 டிகிரியில் 10 முதல் 12 மணி நேரம். ஒரு துண்டை எடுத்து உடைத்தால் 'டக்'கென்று முறிய வேண்டும். வளைந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது; அதை அரைத்தால் பொடி கட்டிபிடித்துப் பூஞ்சை வரும். 2023-இல் இங்கே பெரிய தொல்லையாக இருந்தது லோட் ஷெடிங், அதாவது முறைவைத்து மின்சாரத்தை நிறுத்துவது. நடுவில் இரண்டு மணி நேரம் மின்சாரம் போனால் அரை ஈரத் துண்டுகள் வெதுவெதுப்பாகவே கிடக்கும். மின்வெட்டு அட்டவணை இருந்தால் பார்த்துத் தொடங்குங்கள். தொடங்கிய பிறகு மின்சாரம் போய்விட்டால் துண்டுகளை உடனே ஃபிரிட்ஜுக்கு மாற்றுங்கள்.

காப்ஸ்யூல் வாங்கும்போது லேபிளைப் பாருங்கள். சாதாரண ஜெலட்டின் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ வருவது. செடிவகைக் காப்ஸ்யூலும் கடையில் உண்டு. '00' அளவு ஒன்றில் சுமார் அரை கிராம் பிடிக்கும். டர்பன் ஈரக்காற்றில் காப்ஸ்யூல் ஓடு இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இறுகிய மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள்.

சுத்தம் செய்ய: 3.5 சதவீத ஜிக் (வீட்டு ப்ளீச்) ஒரு பங்கு, தண்ணீர் ஆறு பங்கு. பலகை, தொட்டி, குழாய்ப்பிடி எல்லாவற்றையும் முதலில் சோப்புப் போட்டுக் கழுவி, அப்புறம் இதில் பத்து நிமிடம் நனைய விடுங்கள். கழுவாமல் ஊற்றினால் ரத்தமே ப்ளீச்சின் வீரியத்தைத் தின்றுவிடும்.

21 ஜூன், புதன்

பலன் உண்டா? நெவாடா பல்கலைக்கழக ஆய்வொன்றில் 27 தாய்மாரில் சிலருக்கு நஞ்சுப் பொடி, மற்றவர்களுக்கு மாட்டிறைச்சிப் பொடி. மனச்சோர்விலும் களைப்பிலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இரும்புச் சத்திலும் அப்படியே. ஆகவே கிளினிக்கில் தந்த இரும்பு மாத்திரையை நிறுத்திவிட்டு இதை விழுங்குவது தவறு.

பால் விஷயம் இன்னும் நுட்பமானது. நஞ்சு வெளியேறி புரோஜெஸ்டிரோன் இறங்கினால்தான் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் பால் பெருகும். கருப்பையில் நஞ்சுத் துண்டு தங்கிய பெண்களுக்குப் பால் இறங்காமல் நிற்பதும் அதனால்தான். காப்ஸ்யூலிலும் புரோஜெஸ்டிரோன் இருப்பது சோதனையில் தெரிந்திருக்கிறது. பால் குறைந்தால் முதலில் காப்ஸ்யூலை நிறுத்திப் பாருங்கள்.

28 ஜூன், புதன்

லேகியத்தைப் பற்றி எழுதச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். சுக்கு 50 கிராம், ஓமம் 25, மிளகு, திப்பிலி, சித்தரத்தை வகைக்குப் பத்து. எல்லாம் விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட் பக்கம் கிடைக்கும். இளஞ்சூட்டில் வறுத்து, பொடித்து, சலித்துக்கொள்ளுங்கள். கால் கிலோ வெல்லத்தைக் கரைத்து மண் போக வடிகட்டிக் கொதிக்க விட்டு, பாகு கையில் பிசுபிசுத்ததுமே பொடியைத் தூவுங்கள். கம்பிப் பதம் வரை விட்டால் ஆறியதும் கல்லாகிவிடும். நல்லெண்ணெயும் நெய்யும் நூறு நூறு மில்லி, சிறுகச் சிறுக ஊற்றிச் சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும்போது இறக்கலாம். காலையில் நெல்லிக்காய் அளவு போதும். கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தவர்கள் இதைத் தொடாமல், சுக்குப் பொடியை ரசத்தில் போட்டுக்கொள்ளட்டும்.

பத்தியம் என்று கீரையையும் பருப்பையும் நிறுத்துவதுதான் இரும்புச் சத்துக்குப் பெரிய கேடு. முருங்கைக்கீரை கொடுங்கள், எலுமிச்சை பிழிந்து. சாப்பாட்டோடு கறுப்புத் தேநீர் வேண்டாம், ரூயிபோஸ் என்ற இந்நாட்டுச் செடித் தேநீர் குடிக்கலாம். பாலுக்கென்று சுறாப்புட்டு செய்வதை விட்டுவிடுங்கள். சுறாவில் பாதரசம் அதிகம். இது சார்டின் காலம், மலிவாகவும் கிடைக்கிறது, பாதரசமும் குறைவு.

3 ஜூலை, திங்கள்

வேப்பிலைக் குளியலுக்கு வேலியோரத்தில் பறிக்கும் இலை பெரும்பாலும் வேம்பே இல்லை, சிரிங்கா. நம் ஊர் மலைவேம்பு இனம். காயில் விஷம் உண்டு. இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள்: வேம்பில் ஒரே காம்பின் இருபுறமும் அரம் போன்ற இலைகள் நேராக வரிசை கட்டும், சிரிங்காவில் காம்பு கிளைத்து, கிளையிலிருந்து இலை பிரியும். வேம்பின் பூ வெள்ளை, சிரிங்காவின் பூ ஊதா. இப்போது குளிர்காலம், இலை உதிர்ந்து மஞ்சள் உருண்டைக் காய்கள் கொத்தாகத் தொங்கும் மரம் சிரிங்காதான். சந்தேகமென்றால் வெறும் வெந்நீர் போதும், 38 டிகிரி. சிசேரியன் தையலில் மஞ்சள் அப்பக் கூடாது.

வயிற்றுக்கட்டு கட்டினால் பழைய பருத்திச் சேலையை இடுப்பெலும்பிலிருந்து மேல்நோக்கிச் சுற்ற வேண்டும். மேலே இறுக்கினால் அழுத்தம் முழுவதும் கீழே கருப்பைப் பக்கம் இறங்கும். மூடிய அறையில் கரியடுப்போ இம்பாவுலாவோ (தகர டின்னில் செய்த கணப்பு) வைத்துச் சாம்பிராணி போட வேண்டாம். கார்பன் மோனாக்சைடு வாசனை காட்டாமல் ஆளைக் கொல்லும்.

10 ஜூலை, திங்கள்

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியவை: ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுதாக நனைவது, முட்டை அளவுக் கட்டி, 38 டிகிரிக் காய்ச்சல், நாற்றமடிக்கும் உதிரம், கண் மங்கலோடு கடும் தலைவலி, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது. தீட்டுப்போக்கு சிவப்பு, வெளிர்சிவப்பு, வெள்ளை என்று மாறி ஆறு வாரம்வரை இருக்கலாம். வெள்ளையாகியபின் திரும்பவும் சிவந்தால் நடமாட்டம் கூடியிருக்கலாம். படுங்கள், அடங்காவிட்டால் காட்டுங்கள். மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள் ஒரு தடவை, ஆறாம் வாரம் ஒரு தடவை கிளினிக்குக்குப் போவதைத் தவறவிட வேண்டாம்.

22 ஜூலை, சனி

மீந்த காப்ஸ்யூலை மாதவிடாய் நிற்கும் வயதுக்கென்று ஃப்ரீசரில் சேர்த்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். தாய்க்குக் காய்ச்சலோ மார்புக்கட்டோ வந்தால் அன்றே நிறுத்திவிட்டு, மிச்சத்தை டாக்டரிடம் காட்டுங்கள், சோதிக்க உதவும். நஞ்சைப் புதைப்பதென்றால் அரை மீட்டருக்குக் கீழே குழி, மேலே கனமான கல். இங்கே நாயைவிடக் குரங்குதான் தோண்டும்.