சுக்கான் பிடிப்பவனின் ஆங்கிலம்

கப்பல் வேலைக்குப் பயிற்சி பெற வரும் தமிழ்வழிப் பையன்களில் பலருக்குக் கடலைவிட ஆங்கிலத்தின் மேல்தான் பயம். அலைக்கு அஞ்சாத மீனவர் வீட்டுப் பிள்ளைகள்கூட, எழுந்து பெயரைச் சொல் என்றால் குரல் கம்மிப்போகிறார்கள். வணிகக் கப்பல்களில் அதிகாரியாக வேலை பார்த்துவிட்டு இப்போது அவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். முதல் வகுப்பிலேயே அவர்களிடம் சொல்லிவிடுவேன்: கடலில் பேசும் ஆங்கிலம் யாருக்கும் தாய்மொழி அல்ல, லண்டனில் பிறந்தவனும் அதைப் படித்துத்தான் ஆக வேண்டும்.

ஆறுதலுக்காகச் சொல்வதல்ல இது. கடலில் பேசுவதற்கென்று சர்வதேச கடல்சார் அமைப்பு 2001-இல் ஏற்றுக்கொண்ட ஆங்கிலத் தொடர்களின் தொகுப்பு ஒன்று இருக்கிறது. ‘ஸ்டாண்டர்ட் மரைன் கம்யூனிகேஷன் ஃப்ரேஸஸ்’, சுருக்கமாக எஸ்எம்சிபி என்பார்கள். 500 மொத்த டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பல்களில் காவல் பொறுப்பேற்கும் அதிகாரி, அதாவது தன் முறை வரும்போது கப்பலைச் செலுத்தும் பொறுப்பில் இருப்பவர், எந்த நாட்டவராக இருந்தாலும், அதைப் புரிந்து பயன்படுத்தத் தெரிந்திருக்க வேண்டும். இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஸ்காண்டிநேவியன் ஸ்டார் கப்பலின் கதையைச் சொல்வேன். 1990 ஏப்ரலில், ஆஸ்லோவிலிருந்து டென்மார்க் போகும் வழியில், நள்ளிரவில் அந்தப் பயணிகள் கப்பல் தீப்பிடித்தது. ஊழியர்களில் பலருக்குப் பயணிகளின் மொழியும் தெரியாது, ஆங்கிலமும் சரியாக வராது. எந்தப் பக்கம் ஓடுவது என்று சொல்லக்கூட முடியவில்லை. 150-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

அந்தத் தொகுப்பில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் கண்டிப்பு. ‘மே’, ‘மைட்’, ‘ஷுட்’, ‘குட்’ ஆகியவற்றைத் தவிர்க்கச் சொல்கிறது. பள்ளியில் பணிவுக்கு அடையாளமாகக் கற்றுத்தந்த சொற்கள் இவை. ஆனால் ரேடியோவில் ‘யூ மே என்டர்’ என்று கேட்டால், நுழைய அனுமதி தருகிறார்களா, நுழைய நேரலாம் என்கிறார்களா? சந்தேகத்துக்கு இடமில்லாமல் ‘யூ ஹேவ் பெர்மிஷன்’ என்று சொல்ல வேண்டும். சொல்ல வருவது கேள்வியா, எச்சரிக்கையா, வேண்டுகோளா என்பதையும் பேச்சின் தொடக்கத்திலேயே ஒரு சொல்லால் அறிவித்துவிடலாம். அதற்கென்று எட்டுச் சொற்கள் இருக்கின்றன. எண்களும் அப்படியே. இரைச்சலில் ‘ஃபிஃப்டீன்’ எது, ‘ஃபிஃப்டி’ எது என்று யாரால் பிரிக்க முடியும்? ஆகவே ‘ஒன் ஃபைவ்’, ‘ஃபைவ் ஜீரோ’. சிங்கப்பூர் நீரிணையில் கிரேக்கரும் சீனரும் கொரியரும் மாறி மாறிப் பேசும் ரேடியோவை இரவுக் காவலில் கேட்டவர்களுக்கு இந்த ஏற்பாட்டின் அருமை தெரியும். அங்கே அழகான ஆங்கிலத்தை யாரும் எதிர்பார்ப்பதில்லை.

சுக்கான் பிடிப்பவனுக்கு வேண்டிய தொடர்கள் இன்னும் குறைவு. ஆனால் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லியாக வேண்டும். சிமுலேட்டரில் ராமநாதபுரம் பக்கத்துப் பையன் ஒருவன் சக்கரத்தின் முன் நின்றான். ‘ஸ்டார்போர்டு டென்’ என்றேன். ‘ஓகே சார்’ என்று சக்கரத்தைத் திருப்பினான். சரியாகத்தான் திருப்பினான்.

“தம்பி, ஓகே என்றால் உன் காதில் என்ன விழுந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?”

“திருப்பிட்டேனே சார்.”

“வலப்பக்கம் பத்து டிகிரி என்று கேட்டுத் திருப்பினாயா, குத்துமதிப்பாகவா? வாயால் சொல்.”

‘ஸ்டார்போர்டு டென்’ என்று அவன் வாய்விட்டுச் சொன்னான். முள் பத்தில் வந்து நின்றதும் ‘வீல் இஸ் ஸ்டார்போர்டு டென்’ என்று மீண்டும் சொன்னான். அடுத்து சுக்கானை நடுவுக்குக் கொண்டுவரச் சொல்லும் ‘மிட்ஷிப்ஸ்’, பிறகு கப்பல் திரும்புவதை நிறுத்தச் சொல்லும் ‘ஸ்டெடி’. அரை மணி நேரத்தில் குரல் நிமிர்ந்துவிட்டது. இலக்கணம் எதையும் நான் விளக்கவில்லை. கை செய்வதை வாய் சொல்லச் சொல்ல, தொடர் தானாகப் படிந்துவிடுகிறது.

இதனால்தான் சொல்லும் பொருளும் எதிரெதிரே அச்சிட்ட கையேடுகளை மனப்பாடம் செய்யவைக்கும் பயிற்சி நிலையங்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. கடன் வாங்கிக் கட்டணம் கட்டிவிட்டு வருகிறார்கள் இந்தப் பிள்ளைகள். வாய்மொழித் தேர்வில் ஒப்பித்துத் தேறியவன், வேறு நாட்டு உச்சரிப்பில் அதே தொடர் காதில் விழுந்தால் திகைத்து நிற்கிறான். புரியாதபோது ‘ஸே அகெய்ன்’ என்று கேட்கலாம் என்பதுகூட அவனுக்குப் பழக்கமாகியிருக்காது. புரிந்ததுபோல் தலையாட்டுவதைவிட ஆபத்தானது கப்பலில் வேறெதுவும் இல்லை. அதனால் பாதி வகுப்பு காதுக்குத்தான். பல நாட்டு நண்பர்கள் அதே தொடர்களைப் பேசி அனுப்பிய ஒலிப்பதிவுகளைத் திரும்பத் திரும்பப் போடுகிறேன்.

தொகுப்பில் இல்லாத ஆங்கிலமும் கப்பலில் தேவைப்படுகிறது. தூக்கம் வரவில்லை, வீட்டில் ஒரு துக்கம், இந்த வேலை எனக்குத் தெரியாது, கொஞ்சம் காட்டிக்கொடுங்கள் என்று சொல்லும் ஆங்கிலம். அது வராதவன் மாதக்கணக்கில் தட்டை மட்டும் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு அறைக்குப் போய்விடுகிறான். அப்படிப்பட்டவர்களோடு பயணம் செய்திருக்கிறேன். பாடத்திட்டத்தில் இதற்கு இடமில்லாததால் சனிக்கிழமை மாலைகளை எடுத்துக்கொண்டேன். பிலிப்பைன்ஸ் நாட்டு நண்பர் ஒருவர் காணொலியில் வருவார். ஒரே விதி, பதில் ஒரு சொல்லில் இருக்கக் கூடாது. அவர்கள் ஊர் சினிகாங் சூப்பிலும் புளி போடுவார்கள் என்று அவர் சொன்னதுதான் தாமதம், வத்தக்குழம்பை விளக்க எங்கள் பையன்கள் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு பேசினார்கள்.