நோவா ஹுட்டா (போலந்தின் கிராக்கோவ் நகரில் உருக்காலை உள்ள பகுதி), 2020 இலையுதிர்காலம்

அக்டோபர் 8
உருக்காலையின் ஊதுலையை, இரும்புத் தாதை உருக்கும் அந்தப் பெரிய உலையை, நிரந்தரமாக மூடுகிறார்களாம். போன வருஷம் நவம்பரில் நிறுத்தியபோது தற்காலிகம் என்றுதான் பேச்சு. மூன்றாம் மாடிப் பாட்டிக்கு போன் செய்தேன். "அது எப்பவோ தெரிஞ்சதுதான்" என்றார். அவர் கணவர் வேலை பார்த்த காலத்தில் அது லெனின் உருக்காலை, கிட்டத்தட்ட 40,000 பேருக்குச் சோறு போட்டது. 1990-ல் பெயரை மாற்றினார்கள். 2004-ல் இந்தியாவில் பிறந்த எஃகு முதலாளி லட்சுமி மித்தல் கைக்குப் போனது. நான் இந்தியாவிலிருந்து வந்தவன் என்பதால் இங்கே யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி மித்தலைப் பற்றித்தான்.

அக்டோபர் 9
என் வேலை ஒப்பந்தம் பற்றிய மின்னஞ்சல் வரவில்லை.

அக்டோபர் 14
என் ஆய்வின் நான்காம் அத்தியாயத்தைத் திரும்ப எழுதுகிறேன், பாட்டி வீட்டு வரவு செலவு பற்றியது. 'இதெல்லாம் பொருளாதாரமா?' என்று ஓரத்தில் ஒரு குறிப்பு வந்திருக்கிறது. நாள் முழுக்க மனசை அறுக்கிறது.

1990 ஜனவரி 1-ல் பால்செரோவிச் திட்டம், கம்யூனிசப் பொருளாதாரத்தை வேகமாகச் சந்தைக்கு மாற்றும் திட்டம், தொடங்கியது. அந்த ஒரே வருஷத்தில் விலைவாசி சராசரியாக ஏழு மடங்கை நெருங்கியது. 1996-லேயே போலந்தின் உற்பத்தி 1989-ன் அளவை எட்டிவிட்டது, பழைய கம்யூனிச நாடுகளில் முதலாவதாக. எல்லாப் பாடப்புத்தகமும் இந்தக் கோட்டைத்தான் வரைகிறது. சரி, கோடு மேலே ஏறும்வரை பாட்டி வீட்டில் என்ன சாப்பிட்டார்கள்? தோட்டத்து உருளைக்கிழங்கு, ஜாடியில் போட்ட வெள்ளரி, மாமியாரின் ஓய்வூதியம். 2004-ல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்ததும் டப்ளினுக்குப் போன மகன் அனுப்பும் பணம். அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை சாமந்தி விற்ற காசு. எல்லாம் பாட்டியின் கணக்கு நோட்டில் இருக்கிறது. தேசியக் கணக்கில் இதில் பாதி இல்லை. பொருளாதாரம்தான். இதுதான் பொருளாதாரம். இதை அத்தியாயத்திலிருந்து எடுக்க மாட்டேன்.

அக்டோபர் 17
கொரோனாவால் கிராக்கோவ் சிவப்பு மண்டலம். இனி நேர்காணல் எல்லாம் போனில்தான். நான்காம் எண் டிராமில் நானும் இன்னொருவரும் மட்டும்.

அக்டோபர் 23
கருக்கலைப்பைக் கடுமையாகக் கட்டுப்படுத்திய நேற்றைய தீர்ப்புக்கு எதிராகத் தெருவெல்லாம் கூட்டம். பாட்டியின் பேத்தியும் போயிருக்கிறாள். பாட்டி அதைப் பற்றிப் பேசாமல் பனி விழுமா என்று கேட்டார்.

அக்டோபர் 24
எழுபது தாண்டியவர்கள் வீட்டிலேயே இருக்க வேண்டுமாம். பாட்டி தோட்டத்துக்குப் போய்விட்டார். ராத்திரி சாமந்தியைப் போர்த்தாவிட்டால் கருகிவிடும், கல்லறைகளில் பூ வைக்கும் சகல புனிதர் திருநாளுக்கு ஒரு வாரம்தான் என்கிறார். கோபம் வருகிறது, என்ன சொல்ல முடியும்?

மின்னஞ்சல் இல்லை.

அக்டோபர் 30
மத்தியானம் அறிவிப்பு: நாளை முதல் 2-ம் தேதி வரை கல்லறைத் தோட்டங்கள் மூடல். நாளை மறுநாள் திருநாள்! நாடு முழுக்க அந்த ஒரு நாளுக்காகத்தான் இவ்வளவு சாமந்தியும் வளர்க்கிறார்கள். பாட்டி தொட்டிகளை வாசலுக்குக் கொண்டுவந்து வைத்தாயிற்று. பஸ் நிறுத்தத்தில் பூ வைத்திருந்த இன்னொரு அம்மா யாரையோ திட்டிக்கொண்டே அழுதார். நான் இரண்டு தொட்டி வாங்கினேன். அதனால் என்ன ஆகப்போகிறது?

பாட்டி அழவில்லை. "எழுதிக்கோ" என்று போனில் வரிசையாகச் சொன்னார்: நாற்று, உரம், பிளாஸ்டிக் விரிப்பு, டவுனுக்கு வண்டிக் கூலி. எழுதிக்கொண்டேன்.

நவம்பர் 3
பூ விற்க முடியாதவர்களுக்கு அரசு உதவி உண்டாம். பாட்டி விண்ணப்பிக்க மாட்டேன் என்கிறார். பதிவு கிடையாது, ரசீது கிடையாது. அத்தியாயத்தில் நான் எழுதியது அப்படியே கண்முன் நடக்கிறது. எனக்கு இதில் துளி சந்தோஷமும் இல்லை.

நவம்பர் 6
போனை எடுக்கவில்லை.

நவம்பர் 7
எடுக்கவில்லை.

நவம்பர் 9
பேத்தி பேசினாள். பாட்டிக்கு ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்கள், பார்க்க விடமாட்டார்கள். நேற்று நினைவு தெளிவாக இருந்ததாம், பீட்ரூட்டைத் தோண்டியாச்சா என்று கேட்டாராம்.

மின்னஞ்சலும் வந்தது. ஒப்பந்தம் மார்ச் வரை நீட்டிப்பு. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

தோட்டச் சாவி பேத்தியிடம். காலையில் போகிறோம்.