நான்கு சக்கரமும் தரையை விட்டு எழும்பும் வரை

கியர் ஆயிலை வீட்டிலேயே மாற்றிவிடலாம் என்று சர்வீஸ் மேனுவலைப் புரட்டியபோது ஒரு சிக்கல் தெரிந்தது. முன்சக்கர இழுவை கொண்ட என் சின்னக் காரில் ஆயில் ஊற்றும் துளை கியர் பெட்டியின் பக்கவாட்டில் இருக்கிறது. அந்தத் துளையின் கீழ் விளிம்பைத் தொடும் வரை ஆயில் நின்றால் அளவு சரி. ஆனால் கார் மட்டமாக நிற்க வேண்டும். முன்பக்கத்தை மட்டும் தூக்கிவிட்டு ஊற்றினால் அளவு தப்பிவிடும். ஆக, நான்கு சக்கரத்தையும் தூக்கியாக வேண்டும். ஆயில் மாற்றுவது சின்ன வேலை. காரைத் தூக்கி, முட்டுக் கொடுத்து, அடியில் நிம்மதியாகப் படுக்கிற அளவுக்கு நிறுத்துவதுதான் பெரிய வேலையாகிப் போனது. இந்தப் பதிவும் அதைப் பற்றியதுதான்.

காரோடு வரும் திருகு ஜாக்கியை முதலிலேயே ஒதுக்கிவிட்டேன். வழியில் டயர் பஞ்சரானால் ஸ்டெப்னி மாட்டுவதற்கு மட்டுமே அதைக் கொடுக்கிறார்கள். அடிப்பாகம் குறுகலானது, பக்கவாட்டில் கொஞ்சம் தள்ளினாலே சாயும். ஹைட்ராலிக் டிராலி ஜாக்கி (எண்ணெய் அழுத்தத்தால் தூக்கும், உருளைகளில் நகரும் வகை) வாங்கியதும், தூக்கிய நிலையில் சற்று நேரம் விட்டுப் பார்த்தேன். இறங்கவில்லை. அதற்காக அதை நம்பி அடியில் போகலாம் என்று அர்த்தமில்லை. உள்ளே எண்ணெய் அழுத்தத்தைத் தாங்கி நிற்பது சின்ன ரப்பர் சீல்கள்தான். அதில் ஒன்று கசிந்தாலும், யாராவது கைப்பிடியைத் தெரியாமல் திருகிவிட்டாலும், கார் இறங்கிவிடும். ஜாக்கி தூக்கிக் கொடுக்கும், அவ்வளவுதான். தாங்குவது, அடியில் முட்டுக் கொடுக்கும் இரும்பு ஸ்டாண்டின் வேலை.

ஸ்டாண்டில் இரண்டு வகை கிடைக்கிறது. ஒன்றில் தண்டுக்கு வரிசையாகத் துளைகள் இருக்கும், தடித்த பின் ஒன்றைக் குறுக்கே செருகி நிறுத்தலாம். இன்னொன்றில் பற்கள் இருக்கும், ஒரு நாக்கு வந்து பல்லில் மாட்டிக்கொள்ளும். பல் வகையில் உயரத்தை நுணுக்கமாக வைக்கலாம். ஆனால் நாக்கு பல்லுக்குள் முழுதாக இறங்கியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும். 2020இல் அமெரிக்காவில் இந்த வகையில் 3 டன், 6 டன் ஸ்டாண்டுகளை லட்சக்கணக்கில் திரும்பப் பெற்றார்கள். நாக்கு பல்லில் போதிய ஆழத்துக்குப் பிடிக்காமல் தண்டு சட்டென்று கீழே இறங்கக்கூடும் என்பதே காரணம். மாற்றாகக் கொடுத்த 3 டன் ஸ்டாண்டுகளையும் அதே ஆண்டிலேயே வெல்டிங் குறைக்காகத் திரும்ப அழைத்தார்கள்! நான் வாங்கியது பல்லோடு கூடுதலாகப் பூட்டுப் பின்னும் உள்ள வகை. வாங்கும்போது இன்னொன்றையும் பாருங்கள்: மேலே எழுதியிருக்கும் எடை ஒரு ஸ்டாண்டுக்கா, ஜோடிக்கா? 2 டன் என்பது ஜோடிக்கு என்றால் ஒவ்வொன்றுக்கும் 1 டன்தான்.

செங்கல், சிமெண்ட் கல் அடுக்கி முட்டுக் கொடுப்பதைப் பலர் செய்து பார்த்திருப்பார்கள். வேண்டவே வேண்டாம். இரும்பு வளைந்து எச்சரிக்கும். கல் எச்சரிக்காது, பாரம் ஒரு முனையில் குவிந்தால் பட்டென்று உடைந்து நொறுங்கிவிடும்.

தரை கான்கிரீட்டாக, மட்டமாக இருப்பது நல்லது. மண்ணிலும் சரளையிலும் நான் முயலவே இல்லை. தார்த் தரை வெயிலில் இளகும், ஸ்டாண்டின் கால் உள்ளே புதையும். வேறு இடம் இல்லையென்றால் காலுக்கு அடியில் தடித்த ப்ளைவுட் பலகை போட வேண்டும்.

அடுத்தது கார் உருளாமல் பார்த்துக்கொள்வது. இதைப் புரிந்துகொள்ளத்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது. ஹேண்ட்பிரேக் போட்டுவிட்டோம், கியரிலும் விட்டுவிட்டோம், பிறகென்ன என்று தோன்றும். பெரும்பாலான கார்களில் ஹேண்ட்பிரேக் பிடிப்பது பின்சக்கரங்களை மட்டும்தான். பின்பக்கத்தைத் தூக்கினால் அந்தச் சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கும், பிரேக் இருந்தும் பயனில்லை. அப்போது காரைப் பிடித்து வைத்திருப்பது முன்சக்கரத்தோடு இணைந்த கியர் மட்டுமே. முன்பக்கத்தைத் தூக்கினால் இதற்கு நேர்மாறு. கியரால் பயனில்லை, ஹேண்ட்பிரேக் ஒன்றுதான் கதி. இதில் மூன்றாவதாக ஒரு வில்லங்கமும் உண்டு. முன்சக்கரத்தில் ஒன்றை மட்டும் தூக்கினால், மற்றொன்று தரையில்தானே இருக்கிறது, கியர் பிடித்துக்கொள்ளும் என்று நினைப்போம். பிடிக்காது. இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரென்ஷியல் என்ற பற்சக்கரத் தொகுதி இருப்பதால், தொங்கும் சக்கரம் ஒரு திசையில் சுழல, தரையிலிருப்பது எதிர்த் திசையில் தாராளமாக உருளும். ஆட்டோமேட்டிக் காரில் பார்க் நிலையில் வைத்தாலும் இதே கதைதான். ஆகவே எந்தப் பக்கத்தைத் தூக்குகிறோமோ, அதற்கு எதிர்ப்பக்கத்துச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்தாக வேண்டும். கைக்குக் கிடைத்த உருண்டைக் கல்லை வைக்காமல், டயரோடு ஒட்டி உட்காரும் ஆப்பு வடிவக் கட்டையாக வைத்தேன்.

சரி, ஜாக்கியை எங்கே வைப்பது? கதவுக்குக் கீழே, பாடித் தகடுகள் சேர்த்துப் பற்றவைக்கப்பட்ட விளிம்பு நீளமாக ஓடும். முன்சக்கரத்துக்குச் சற்றுப் பின்னும் பின்சக்கரத்துக்குச் சற்று முன்னும் அதில் இரண்டிரண்டு வெட்டு இருக்கும். ஒவ்வொரு ஜோடி வெட்டுக்கும் இடைப்பட்ட சின்ன இடம்தான் பலமாக்கப்பட்டது. டிராலி ஜாக்கியின் இரும்புத் தலையை அப்படியே வைத்தால் விளிம்பு மடங்கும். நடுவில் பள்ளம் வெட்டிய ரப்பர் துண்டை வைத்தால் விளிம்பு பள்ளத்துக்குள் உட்கார்ந்துகொள்ளும். ஆயில் சம்ப் (எஞ்சின் ஆயில் தேங்கும் தொட்டி), ரேடியேட்டர், மெல்லிய தரைத் தகடு ஆகியவற்றில் ஜாக்கி படவே கூடாது.

இங்கே ஒரு சங்கடம் வரும். அந்த இடத்தில் ஜாக்கி நின்றால் ஸ்டாண்டை எங்கே வைப்பது? இரண்டுக்கும் ஒரே இடம்தான் வேண்டியிருக்கிறது. மேனுவலில் விடை இருந்தது. என் காரில் முன்பக்கம் எஞ்சினைத் தாங்கும் சப்ஃபிரேமின் நடுவில் ஒரு புள்ளி, பின்பம்பருக்கு அடியில் நடுவே ஜாக்கிக்கென்றே பற்றவைத்த தடித்த தகடு ஒன்று. ஜாக்கியை அங்கே கொடுத்து இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகத் தூக்கி, ஓரத்து விளிம்பில் ஸ்டாண்டுகளை நிறுத்தலாம். எல்லாக் காருக்கும் இது பொருந்தாது. பின்சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் ஆக்ஸில் உத்தரத்தின் நடுவில் ஜாக்கி வைக்கவே கூடாது என்று சொல்லும் மேனுவல்களும் உண்டு. யாரோ வீடியோவில் செய்ததைப் பார்த்துச் செய்வதைவிட நம் காரின் மேனுவலைப் பார்ப்பது மேல்.

முதல் கட்டமாக முன்பக்கத்தை மட்டும் தூக்கிப் பழகினேன். பின்சக்கரங்களுக்குக் கட்டை, ஹேண்ட்பிரேக், சாவி என் பையில். தூக்கத் தூக்கச் சக்கரம் எழும்பாமல் பாடி மட்டும் எழும்பும். சஸ்பென்ஷன் நீண்டுகொண்டே போவதுதான் காரணம், நான்கைந்து விரற்கடை உயர்ந்த பிறகே டயர் தரையை விடும். ஜாக்கியின் கையும் நேராக மேலே போவதில்லை, வில்லாக வளைந்து போகிறது. அதனால் ஒன்று ஜாக்கி உருண்டு உள்ளே நகர வேண்டும், இல்லையென்றால் கார் நகர வேண்டும். ஜாக்கியின் உருளைகளுக்கு அடியில் ஒரு சின்னக் கல் மாட்டினாலும் அது காரைத்தான் இழுக்கும். தூக்கும் முன் தரையைப் பெருக்கிவிடுவது இதற்காகத்தான்.

ஸ்டாண்டுகளை வைத்து, ஜாக்கியை மெல்ல இறக்கி, பாரம் இரண்டிலும் சமமாக உட்கார்ந்ததும் ஃபெண்டரைப் பிடித்து நன்றாகத் தள்ளிப் பார்த்தேன். பயந்து பயந்து தொட்டுப் பார்ப்பதில் அர்த்தமில்லை. விழுவதாக இருந்தால் நான் வெளியே நிற்கும்போதே விழட்டும். ஆடவில்லை. அதற்குப் பிறகும் ஜாக்கியை முழுதாக விலக்கிவிடாமல், புள்ளியைத் தொட்டபடி நிறுத்திவைத்தேன். ஸ்டாண்டு நழுவினாலும் கார் அதன்மேல் நிற்கட்டும் என்று, கழற்றிய சக்கரத்தைப் பக்கவாட்டு விளிம்புக்கு அடியில் படுக்கப் போட்டேன்.

நான்கையும் தூக்குவது இதன் இரட்டிப்பு வேலை இல்லை, தனி வேலை. முன்பக்கம் ஸ்டாண்டில் ஏறிவிட்டால், பின்பக்கத்தைத் தூக்கும்போது உருளாமல் தடுக்க ஒரு சக்கரமும் மிச்சமில்லை. கார் முன் ஸ்டாண்டுகளின் தலையில் லேசாகச் சாய்ந்து திரும்பும், ஜாக்கி உருளாவிட்டால் அவற்றிலிருந்து இழுபட்டுவிடும். அதனால் ஒரேயடியாக உயர்த்தவில்லை. முன் ஸ்டாண்டுகளைக் கடைசிப் பல்லிலேயே தாழ்வாக வைத்துக்கொண்டு, பின்பக்கத்தையும் அதே தாழ்ந்த உயரத்துக்குக் கொண்டுவந்தேன். பிறகு முன்னே ஒரு பல், பின்னே ஒரு பல் என்று ஏற்றினேன். ஒவ்வொரு முறையும் நான்கு ஸ்டாண்டின் கால்களும் தரையில் முழுதாகப் பதிந்திருக்கின்றனவா என்று சுற்றி வந்து பார்த்தேன். கதவுப் படியில் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தபோது குமிழி நடுவில் நின்றது. அந்த நிமிடம் கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது.

ஆயில் வேலையில் சொல்ல வேண்டியது ஒன்றுதான். வடிக்கும் திருகைத் தொடும் முன், ஊற்றும் திருகு கழல்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய ஆயிலை வடித்த பிறகு மேலேயுள்ளது கழல மறுத்தால் கார் அங்கேயே கிடக்க வேண்டியதுதான். இறுகிய திருகை அடியில் படுத்துக்கொண்டு முழு பலத்தோடு இழுப்பதும் ஆபத்து, அந்த இழுப்பு நேராக ஸ்டாண்டுகளுக்குப் போகும். நீளமான கைப்பிடி போட்டு மெதுவாக அழுத்தினேன், கழன்றது.

இறக்குவது ஏற்றியதன் தலைகீழ் வரிசை. ஜாக்கியால் ஒரு துளி தூக்கி, பாரம் விலகியதும் ஸ்டாண்டை உருவி, வால்வைக் கால் திருப்புக்கும் குறைவாகத் திறந்து மெல்ல இறக்கினேன். வீல் நட்டுகளைத் தூக்கும் முன் தரையிலேயே லேசாகத் தளர்த்தியிருந்தேன். கடைசி இறுக்கமும் டயர் தரையில் பதிந்த பிறகுதான். இறுக்கும் அளவு சின்னக் கார்களுக்குப் பெரும்பாலும் 85 முதல் 120 நியூட்டன் மீட்டருக்குள் வரும், என் காருக்கு மேனுவல் சொன்ன எண்ணை டார்க் ரென்ச்சில் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) வைத்துக் குறுக்கும் நெடுக்குமாக இறுக்கினேன்.

இறக்கியதும் கார் வழக்கத்தைவிட உயரமாக, சக்கரங்கள் கொஞ்சம் விரிந்தும் மடங்கியும் நின்றது. முதலில் பார்க்கிறவர்கள் எதையோ வளைத்துவிட்டோம் என்று பதறலாம். தொங்கிய சஸ்பென்ஷன் மீண்டும் உட்காரும்போது டயர்கள் பக்கவாட்டில் நகர முடியாமல் தரையில் ஒட்டி நிற்பதால் வருவது அது. சில அடி முன்னும் பின்னும் ஓட்டியதும் சரியாகிவிட்டது. கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நட்டுகளை இன்னொரு முறை சரிபார்க்க வேண்டும். அடுத்து பின் பிரேக் ஷூ மாற்றும் வேலை இருக்கிறது. அதில் ஹேண்ட்பிரேக்கையே விடுவிக்க வேண்டியிருக்கும் என்பதால் முன்சக்கரங்களுக்கு இன்னும் பெரிய கட்டைகளை அறுத்து வைத்திருக்கிறேன்.